புகை விழுங்கும் பாவை

1968ஆம் ஆண்டு, சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் மான்செங் என்னும் ஊரையடுத்த குன்றைக் குடைந்துகொண்டிருந்த படைவீரர்கள் தற்செயலாக ஒரு கல்லறைக்குள் இறங்கினார்கள். கி.மு. 113இல் மறைந்த லியூ ஷெங் என்னும் ஹான் மரபுச் சிற்றரசனின் கல்லறை அது. பக்கத்திலேயே அவன் மனைவி தௌ வானின் கல்லறையும் கிடைத்தது. ‘சாங்சின் அரண்மனை விளக்கு’ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் விளக்கு அவளுடைய கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டது. சாங்சின் என்ற மாளிகையின் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது.

உயரம் 48 செ.மீ.; எடை 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் ஒரு பணிப்பெண் மண்டியிட்டு அமர்ந்து, இடக்கையால் விளக்கைத் தாங்கியிருக்கிறாள். உயர்த்திய வலக்கையின் அகன்ற ஆடைக்கை சுடருக்குமேல் கவிந்திருக்கிறது. அந்த ஆடைக்கைதான் புகைபோக்கி. புகை அதன் வழியே ஏறி, உள்ளீடற்ற அவள் உடலுக்குள் இறங்கிக் கரியாகப் படிகிறது. சுடரைச் சூழ்ந்த வளைதகடுகளை நகர்த்தினால் வெளிச்சத்தின் அளவும் திசையும் மாறும். உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிக் கரியைத் துடைக்கலாம்.

இந்த நுட்பத்தை வியக்காதவர் இல்லை. எனக்கோ வேறொன்று மனத்தில் தங்கிவிடுகிறது. தலைவியின் அறை கரிபடியாமல் இருப்பதற்காகப் புகை முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொள்பவள் ஓர் ஏவற்பெண். ஷான்சி மாநிலத்தில் 1985இல் கிடைத்த மற்றொரு ஹான் விளக்கில், மீனைக் கவ்விய காட்டு வாத்து ஒன்று இதே வேலையைச் செய்கிறது. பறவைக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரே பணி!

எளியவர் வீட்டில் கவலை புகையைப் பற்றியதன்று, எண்ணெயைப் பற்றியது. சிறு தட்டு, விதையெண்ணெய், கோரையின் வெண்சோற்றைத் திரியாக்கிய ஒரு சுடர், அவ்வளவுதான் அவ்விளக்கு. சிச்சுவான் பகுதிக் குயவர்கள் அதற்கு இரட்டைச் சுவர் வைத்து, இடையே குளிர்ந்த நீரை ஊற்ற ஒரு துளையும் விட்டார்கள். தட்டு சூடேறாததால் எண்ணெய் வீணாகாது. ஏறத்தாழப் பாதி எண்ணெய் மிச்சமாகும் என்று 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லூ யோ குறித்துவைத்திருக்கிறார். எளிதில் மடங்காத ஆளை ‘எண்ணெய் மிச்சம்பிடிக்கிற விளக்கல்ல’ என்று சீனர்கள் இன்றும் சொல்வதுண்டு.

வூ ஜிங்சி 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ரூலின் வைஷி’ நாவலில் ஒரு கருமி சாகக் கிடக்கிறான். பேச்சு நின்றுவிட்டது, இரண்டு விரல்களை மட்டும் நீட்டுகிறான். சுற்றத்தார் ஏதேதோ ஊகிக்கிறார்கள். விளக்கில் இரண்டு திரி எரிவதே அவன் குறை என்று மனைவி மட்டும் கண்டுகொண்டு ஒன்றை நீக்குகிறாள். அவன் உயிர் பிரிகிறது. செல்வனைப் பழிக்கும் நையாண்டிதான் இது. ஆனாலும் திரியை எண்ணி வாழ்ந்த மக்களுக்கே அதன் கூர்மை முழுவதும் புரிந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் மண்ணெண்ணெயையும் அதற்குரிய சிறு விளக்கையும் சீனாவெங்கும் பரப்பியது. அடுத்து மின்சாரம் வந்தது. பழைய விளக்குகள் மெல்ல அலங்காரப் பொருள்களாயின. சாங்சின் விளக்கின் பிரதிகள் இன்று வரவேற்பறைகளில் மின்குமிழோடும் குமிழில்லாமலும் அமர்ந்திருக்கின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் சுடரைச் சுமந்த விளக்குக்கும் அவளே முன்மாதிரி.

அழகான பொருளை வீட்டில் வைப்பதில் தவறில்லை. ஆனால் அலங்காரமானதும் ஒரு பொருளின் வடிவம் மட்டும் எஞ்சி, அந்த வடிவம் பிறந்த காரணம் மறைந்துவிடுகிறது. பிரதியைக் காண்பவருக்கு அவள் ஆடைக்கை வெறும் ஒயிலாகத் தெரியும். அதன் உட்புறம்தான் கரி படிந்த இடம் என்பதை வீட்டுக்காரராவது அறிந்திருந்தால் நல்லது. இடமிருந்தால், பக்கத்தில் அந்த இரட்டைச் சுவர் மண்விளக்கையும் வையுங்கள்.