மொரிசியசு

மொரிசியசு, மடகாசுகருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ள ஓர் ஆப்பிரிக்கத் தீவு நாடு ஆகும். இதன் தலைநகரம் போர்ட் லூயி.

புவியியல்

எரிமலைகளால் உருவான முதன்மைத் தீவைப் பவளப்பாறைகள் சூழ்ந்துள்ளன. கரும்பு முதன்மைப் பயிராகும்.

வரலாறு

ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் அடுத்தடுத்து இந்நாட்டை ஆண்டனர். பிரெஞ்சு ஆட்சியின்போது, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்தனர். 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் பலர் கொண்டுவரப்பட்டனர். 1968 மார்ச்சு 12இல் நாடு விடுதலை பெற்றது, 1992இல் குடியரசானது.

அரசு

நாடாளுமன்ற மக்களாட்சி நடைபெறுகிறது. குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர். ஆட்சிப் பொறுப்பு பிரதமருடையது.

பண்பாடு

தமிழ் வம்சாவளியினர் பெரும்பாலும் கிரியோல் மொழியையே பேசுகின்றனர். எனினும் தைப்பூசம் பொது விடுமுறை நாளாகும். பணத்தாள்களில் தமிழும் இடம்பெறுகிறது. 1998இல் தமிழுக்கு முன்பாக இந்தியை அச்சிட்டு வெளியிடப்பட்ட தாள்கள், தமிழரின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டன.