கிருமிக்கு எமன் – 2: யார் முதலில் குடிப்பது?

கங்கைத் தண்ணீரில் விட்ட காலராக் கிருமி சில மணி நேரத்தில் செத்துப்போனது. அதே தண்ணீரைக் காய்ச்சியபின் கிருமியை விட்டால் சாகவில்லை. ஆவியாகிப் போகும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று 1896-இல் ஹேங்கின் எழுதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் ஆய்வு செய்த ஆக்ராவை விட்டு இந்த வாரம் பாரிஸ் போகிறோம்.

1915. முதல் உலகப் போர் நடக்கிறது. பாரிஸுக்கு அருகே மெசோன்-லாஃபித் என்ற ஊரில் முகாமிட்டிருந்த குதிரைப்படையில் சீதபேதி புகுந்தது. நோயை ஆராயும் வேலை பாஸ்டர் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் டெரெலிடம் வந்தது. டெரெலிடம் மருத்துவப் பட்டம் கிடையாது. நிறுவனத்தில் சம்பளமும் கிடையாது. கிருமிகளைப் பற்றித் தானாகவே படித்துத் தேறியவர்.

முன்பு மெக்சிகோவில் இருந்தபோது, வெட்டுக்கிளிகளைக் கொல்லும் ஒரு கிருமியை வளர்த்துப் பார்த்திருந்தார். தட்டில் படர்ந்த கிருமிப் படலத்தில் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக வெற்றிடம் விழுந்தது, பூச்சி அரித்த துணியைப் போல. அந்த ஓட்டைகளை அவர் மறக்கவில்லை.

பாரிஸில், பாஸ்டர் மருத்துவமனையில் சீதபேதியோடு கிடந்த ஒரு நோயாளியைப் பிடித்துக்கொண்டார். நாள்தோறும் அவருடைய மலத்தில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த தெளிநீரைச் சீதபேதிக் கிருமி வளரும் குழாயில் விட்டு, 37 டிகிரி சூட்டில் வைத்தார். காலையில் பார்த்தால் கிருமி பெருகிக் குழாய் கலங்கியிருக்கும். மறுநாளும் அதே கலங்கல்.

ஒரு நாள் காலையில் குழாய் பளிங்காக இருந்தது. முந்தைய நாள் இருந்த கிருமிகள் அத்தனையும் கரைந்து போயிருந்தன.

டெரெலுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. குழாயில் நடந்தது நோயாளியின் குடலிலும் நடந்திருக்குமோ? மருத்துவமனைக்கு ஓடினார். இரவோடு இரவாக நோயாளி தேறத் தொடங்கியிருந்தார்!

தெளிந்த குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதிய கிருமிக் குழாயில் விட்டால் அதுவும் தெளிந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு குழாய், அதுவும். வெறும் நஞ்சாக இருந்தால் நீர்க்க நீர்க்க வீரியம் குறைய வேண்டும். இதுவோ குறையவே இல்லை. ஆகவே இது உயிருள்ளது, கிருமியைத் தின்று பெருகுவது என்று முடிவுகட்டினார். பாக்டீரியாவைத் தின்பது என்ற பொருளில் ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயரும் வைத்தார். 1917 செப்டம்பர் 10 அன்று பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் அவருடைய குறிப்பை எமில் ரூ முன்வைத்தார். அந்த உயிரை அன்று யாரும் கண்ணால் கண்டதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை காணவும் முடியாது.

கோழிகளுக்கு வரும் டைபாய்டில் முதலில் சோதித்தார், பலன் தெரிந்தது. அடுத்து மனிதர்கள்.

1919. பாரிஸில் குழந்தைகளுக்கென்றே இருந்த மருத்துவமனை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கடும் சீதபேதியில் துவண்டு கிடந்தான். அன்றைக்கு ஆன்டிபயாடிக் மருந்து என்ற பேச்சே இல்லை. டெரெலிடம் தெளிநீர் தயாராக இருந்தது. ஆனால் அதன் மூலம் நோயாளியின் மலம். அதற்குள் இருப்பதோ கிருமியைக் கொல்லும் இன்னொரு உயிர். பிள்ளையின் வாயில் ஊற்றலாமா?

டெரெல் தாமே குடித்தார். மருத்துவமனைப் பேராசிரியர் யுதினெல் குடித்தார். பயிற்சி மருத்துவர்கள் சிலரும் குடித்தார்கள். பையனுக்குக் கொடுக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு!

மறுநாள் வரை காத்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தெளிநீர் பையனின் கட்டிலுக்குப் போனது. ஒரே ஒரு வேளை மருந்து. அதன்பின்...

(அடுத்த வாரம்)