ஸ்கா, வானொலி, வளைகுடா: குரலுக்கான உரிமை பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்தில் பண்பாடு பற்றி எழுதும் எம்மவர்கள் நாவலையும் கவிதையையும் நாடகத்தையுமே பெரும்பாலும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றனர். ஜனரஞ்சகப் பாடல் என்றதும் அது வர்த்தகச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இக்கட்டுரை ஒரு பாடகியின் வாழ்வை முன்வைத்து வேறொரு கேள்வியை எழுப்ப முயல்கிறது. குடிபெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் ஒரு நாட்டின் வானொலியில் தமது சொந்தக் குரலில் பேசுவதற்கு எவை தேவை? 1979 முதல் 1986 வரை அபுதாபியிலும் ஷார்ஜாவிலும் தொழிலாளர் முகாம்களில் வாழ்ந்துவிட்டு ஐரோப்பா வந்தவன் என்ற வகையில், எனக்கு இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையல்ல.

ஸ்கா இசை 1950களின் பிற்பகுதியில் ஜமெய்க்காவில் உருவானது. 1962 ஓகஸ்டில் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது அதன் தெருக்களில் ஒலித்தது அதுவே. அமெரிக்க வானொலிகளில் கேட்ட றிதம் அன்ட் புளூஸ் இசையையும் உள்ளூர் மென்டோவையும் சேர்த்து, தாளத்தின் இடையடியை அழுத்தி வாசித்தார்கள். உள்ளூர் வானொலி இவ்விசைக்குக் கதவைத் திறக்கத் தயங்கிய காலத்தில், பெரிய ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிச் சென்று முற்றங்களில் நடனம் நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’காரரே அதை வளர்த்தனர். வானொலி ஏற்காத இசைக்கு மக்கள் தாமாகவே ஒரு வானொலியை உண்டாக்கினார்கள் என்று இதைச் சொல்லலாம்.

தொழிலாளராக இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்களுடன் இவ்விசையும் சென்றது. 1970களின் கடைசியில், கார்த் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த கொவென்ரி நகரத்தில் வெள்ளை இளைஞரும் கறுப்பு இளைஞரும் சேர்ந்து ஸ்காவையும் பங்க் இசையின் சீற்றத்தையும் கலந்தார்கள். நேஷனல் ஃப்ரண்ட் போன்ற இனவாத அமைப்புகள் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. 1979இல் தொடங்கப்பட்ட ‘ரூ ரோன்’ இசைத்தட்டு நிறுவனமே இவ்வியக்கத்தின் மையம். அதை ஆரம்பித்த ஜெரி டாமர்ஸ் 1955இல் உதகமண்டலத்தில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தவர் என்பது தமிழ் வாசகருக்குச் சுவையான தகவல். ‘த ஸ்பெஷல்ஸ்’ குழுவின் தலைவரும் இவரே. நெல்சன் மண்டேலாவின் விடுதலையைக் கோரி 1984இல் உலகெங்கும் ஒலித்த பாடலை எழுதியவரும் இவரே.

ஆயினும் இங்கு நான் முக்கியமாகக் கருதுவது ‘த செலெக்டர்’ குழுவின் பாடகி போலீன் பிளாக்கை. 1953இல் பிறந்த அவரது தந்தை நைஜீரியர், தாய் யூத வழிவந்த ஆங்கிலேயர். குழந்தையிலேயே ஒரு வெள்ளைக் குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டு, கறுப்பர் அரிதான சூழலில் வளர்ந்தார். கொவென்ரியில் ஆஸ்பத்திரி எக்ஸ்றே பிரிவில் வேலை செய்துகொண்டே பாடத் தொடங்கினார். தாம் பாடுவது வேலைத்தலத்திற்குத் தெரியக்கூடாது என்பதும் அவர் பெயரை மாற்றிக்கொண்டதற்கு ஒரு காரணம். ஆனால் ‘பிளாக்’ என்ற சொல்லை அவர் தேர்ந்தது வெறும் மறைப்புக்காக அல்ல. வளர்த்த குடும்பம் உச்சரிக்கத் தயங்கிய சொல்லையே தமது பெயராக்கினார். ஏழு பேர் கொண்ட அக்குழுவில் ஒருவர் மாத்திரமே வெள்ளையர், ஒருவர் மாத்திரமே பெண். ஆண்களின் கோட்டும் தொப்பியும் அணிந்து மேடையேறிய அப்பெண் இவரே.

1979இல் வெளிவந்த அவர்களது ‘ஒன் மை றேடியோ’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை சென்றது. குழுவின் நியோல் டேவிஸ் எழுதிய அப்பாடல், ஒரே சரக்கைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் வானொலியை நையாண்டி செய்கிறது. அதே வானொலி அதை நாள்தோறும் ஒலிபரப்பியது. விமர்சனத்தையும் விற்பனைச் சரக்காக்கும் முதலாளித்துவ ஊடகத்தின் வல்லமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று சில தோழர்கள் கூறுவர். அது பாதி உண்மையே. 1982இல் குழுவை விட்டு விலகிய பிளாக், ஊடகத்தை வெளியில் நின்று ஏசுவதோடு நிற்கவில்லை, அதனுள் நுழைந்தார். சிறுவர் வினாவிடை நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். சனல் 4 தொலைக்காட்சியில் கறுப்பு மக்களுக்காகக் கறுப்பு மக்கள் தயாரித்த ‘பிளாக் ஒன் பிளாக்’ சஞ்சிகை நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார். மேடை நாடகத்தில் பில்லி ஹொலிடேயாக நடித்து 1991இல் விருது பெற்றார். பின்னர் குழுவை மீண்டும் கட்டியெழுப்பினார். 2011இல் தன்வரலாற்றை எழுதினார்.

இப்போது வளைகுடாவுக்கு வருவோம். ஓமானின் மசீரா தீவில் பி.பி.சி. ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை நடத்தியது. பேரரசு இராணுவத் தளங்களைக் காலி செய்த பிறகும் அதன் குரல் அக்கடலில் நிலைத்திருந்தது. 1983 யூலையில் எமது ஊர்கள் எரிந்த செய்தியைச் சிற்றலையில் தமிழோசை வழியாகவே எமது முகாம் அறிந்தது. ஓர் அறையில் பன்னிரண்டு பேர், ஒரு வானொலிப் பெட்டி. கேட்கும் உரிமை எமக்கு இருந்தது. பேசும் உரிமை இருக்கவில்லை. கடவுச்சீட்டு முதலாளியின் மேசை லாச்சியில் இருந்தது.

இதற்கு வளைகுடாவில் இசை வறட்சி என்று பொருள் கொள்ளக்கூடாது. கிழக்காபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் ‘லேவா’ ஆட்டத்தை அங்கு இன்றும் ஆடுகின்றனர். பஹ்ரெய்னின் முத்துக்குளிப்போர் பாடிய ‘ஃபிஜிரி’ கேட்பவரைக் கலங்க வைக்கும். ஜமெய்க்காவில் ஸ்கா பிறந்த காலத்தில் வளைகுடாவின் சில பகுதிகளில் அடிமை முறை சட்டப்படியே நிலவியது. சவூதியில் 1962இலும் ஓமானில் 1970இலுந்தான் அது ஒழிக்கப்பட்டது. எமது தீவிலும் காப்பிரி மக்களின் கஃப்ரிஞ்ஞாவிலிருந்தும் பைலாவிலிருந்தும் கிளைத்ததே ஏ.ஈ.மனோகரன் ‘சுராங்கனி’ பாடிப் புகழ்பெற்ற பொப் இசை. மூன்று கடற்கரைகளிலும் வேர் ஒன்றுதான்: காலனிய காலத்தில் கடல் கடத்தி வரப்பட்ட ஆபிரிக்கரின் தாளம்.

வேர் ஒன்றாயிருந்தும் கொவென்ரியில் நடந்தது டுபாயில் ஏன் நடக்கவில்லை? ஐக்கிய அரபு எமிரேற்சில் வாழ்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டார். அங்கு பிறந்தாலும் வெளிநாட்டாரின் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. எமிரேற்ஸ் 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவுமில்லை. இருப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் விமானச்சீட்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்சியாளரை நையாண்டி செய்யும் பாடலை யார் பாடுவது? வேலைத்தலத்துக்குத் தெரியாமலிருக்கப் பெயரை மாற்றிக்கொண்ட போலீன் பிளாக், அகப்பட்டிருந்தால் வேலையை மட்டுமே இழந்திருப்பார். முகாமிலிருந்த நானோ நாட்டை இழந்திருப்பேன். வளைகுடா அரசுகளிடம் உரிமம் பெற்று இந்திய மொழிகளில் இயங்கும் வானொலிகள் சினிமாப் பாடலோடும் விளம்பரத்தோடும் நின்றுவிடுவதை அறிவிப்பாளரின் ரசனைக் குறைவாக மட்டும் பார்ப்பது அரசியற் குருட்டுத்தனம்.

பிரித்தானியாவின் ஜனநாயகத்தை நான் இங்கு போற்றிப் பாடவில்லை. ரூ ரோன் கச்சேரிகளுக்குள்ளும் இனவாதிகள் புகுந்து கலகம் செய்தனர். 1981இல் கொவென்ரியில் ஓர் ஆசிய மாணவன் கொல்லப்பட்ட பின்னரே ஸ்பெஷல்ஸ் இனவாதத்துக்கு எதிராக அந்நகரில் ஒரு பெருங் கச்சேரி நடத்த நேர்ந்தது. 2022இல் போலீன் பிளாக்குக்கு வழங்கப்பட்ட அரச விருதின் பெயரிலேயே இன்னமும் ‘பேரரசு’ இருக்கிறது. அவர் அதை ஏற்றதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் நாடுகடத்தப்படும் அச்சமின்றித் தங்கியிருந்து சண்டை போடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. குரல் பிறப்பது அங்கிருந்துதான்.

அவ்வுரிமை ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் எம்மில் பெரும்பாலோருக்கு இன்று இருக்கிறது. 1990களிலிருந்து நாம் தமிழ் வானொலிகளையும் நடத்தியிருக்கிறோம். யாரும் எமது கடவுச்சீட்டைப் பூட்டி வைக்கவில்லை. இருந்தும் அவற்றிற் பெரும்பாலும் ஒலித்தது சென்னைச் சினிமாப் பாடலும் அரிசி விளம்பரமும், எதைப் பேசலாம் என்று எவரோ வகுத்த வரம்புக்குள் அடங்கிய அரசியலும்தானே? வளைகுடாத் தொழிலாளி வாய்மூடியிருந்ததற்கு ஸ்பொன்சர் முறை காரணம். எமது மௌனத்துக்குக் காரணம் என்ன? நண்பர்கள் அடுத்த இதழில் இதை விவாதிக்கவேண்டும்.