ஊட்டி, கொடைக்கானல் டூர் போறீங்களா? 'சரக்கு' எங்கே, எப்போ கிடைக்கும்? மதுப்பிரியர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

பொன்னேரி:
பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் பத்து தொழிலாளிகள் சேர்ந்தால் டூர் சீட்டு போடுவது வழக்கம். மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டி, பொங்கலுக்கோ மே தினத்துக்கோ வேன் பிடித்து ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று கிளம்பி விடுவார்கள். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு வேன் ஏறுகிறவர்களும் உண்டு.

வேன் கிளம்பியதும் முதல் கேள்வி, "அண்ணே, மேல போனா கடை எங்க இருக்கும்?" என்பதுதான். ரூம், சாப்பாடு, போட்டிங் எல்லாம் அப்புறம்தான். ஆனால் விவரம் தெரியாமல் போய் இரண்டு மடங்கு விலை கொடுத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. போலீசில் மாட்டி டூர் பணத்தை அபராதமாக கட்டுகிறவர்களும் உண்டு. உயிரையே விட்டவர்களும் இருக்கிறார்கள். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிப்பது என்று முடிவு செய்தவர்கள் மாட்டிக்கொள்ளாமல் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

மலையிலும் டாஸ்மாக்தான்

மலை என்றால் ஏதோ தனி ஒயின்ஷாப் இருக்கும், வெள்ளைக்காரன் காலத்து விஸ்கி கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காக தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதில் இருந்து பொன்னேரி என்றாலும் ஊட்டி என்றாலும் ஒரே கடை, ஒரே ரேட்டுதான். மலைக்கு தூக்கிக்கொண்டு வந்த கூலி என்று யாராவது கூடுதலாக கேட்டால் நம்பாதீர்கள். லேபிளில் உள்ள எம்.ஆர்.பி.யை பார்த்து பணம் கொடுங்கள்.

கடைகள் பெரும்பாலும் ஊருக்குள், பஜார், மார்க்கெட் பக்கம்தான் இருக்கும். ஏரிக்கரையிலும் வியூ பாயிண்டிலும் தேடி அலைய வேண்டாம். தேசிய, மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டதில் இருந்து ரோட்டோர கடைகள் பல இடம் மாறி விட்டன. நகராட்சி எல்லைக்குள் 2017-ல் தளர்வு கிடைத்தது. அதனால் 'போற வழியில வாங்கிக்கலாம்' என்ற கணக்கு தப்பிப்போகும். டவுனுக்குள் போய் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் வழி சொல்லி விடுவார்கள்.

உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றால் லைசென்ஸ் உள்ள ஓட்டல் பாருக்கு போகலாம். அரசு சுற்றுலா வளர்ச்சி கழக ஓட்டல்கள் சிலவற்றிலும் பார் உண்டு. ரேட் அதிகம். ஆனால் சரக்கில் பயம் இல்லை, போலீஸ் பயமும் இல்லை.

காலையில் விற்பவன் யார்?

டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10 மணிக்கு மூடி விடும். முன்பு காலை 10 மணிக்கே திறந்தார்கள். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்-அமைச்சர் ஆனதும் அதை 12 மணி ஆக்கினார்.

பொன்னேரியில் மின்சார ரெயில் பிடித்து சென்டிரல் போய், இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி விடலாம். அப்போது எந்த அரசு கடையும் திறந்திருக்காது. ஆனால் பஸ் நிலையம் பக்கம் எவனாவது வந்து, "சார், குவார்ட்டர் வேணுமா?" என்று காதோரம் கேட்பான். அவன் விற்பது 'பிளாக்' சரக்கு. விலை கூடுதல் என்பது சின்ன பிரச்சினை. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய பிரச்சினை.

2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இரண்டிலும் எமனாக வந்தது மெத்தனால். இது நம்ம ஏரியா கெமிக்கல் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாக தெரிந்த பொருள்தான். பார்க்க சாதாரண சரக்கு மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போனதும் முதலில் கண்ணை பிடுங்கும், அப்புறம் உயிரை எடுக்கும். குடித்த சில மணி நேரம் கழித்து பார்வை மங்கினாலோ, வயிற்று வலியும் வாந்தியும் வந்தாலோ 'ஹேங் ஓவர்' என்று படுத்து விடாதீர்கள். உடனே 108-க்கு போன் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்கள். சீக்கிரம் போனவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

டாஸ்மாக் பாட்டில் என்றால் மூடியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கும். அது கிழிந்திருந்தாலோ, மூடி லூசாக இருந்தாலோ வாங்க வேண்டாம். மலை கிராமத்தில் 'நாட்டுச்சரக்கு, மூலிகை போட்டது' என்று யார் கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள்.

இந்த நாட்களில் கடை லீவு

நம்ம தொழிலாளிகள் டூர் போவதே பொங்கல், மே தினம், காந்தி ஜெயந்தி லீவுகளில்தான். கொடுமை என்னவென்றால் இதில் பல நாட்களில் கடையே கிடையாது! கீழே உள்ளதை குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

* திருவள்ளுவர் தினம் (மாட்டுப்பொங்கல்)
* குடியரசு தினம் - ஜனவரி 26
* வள்ளலார் நினைவு நாள் (தைப்பூசம்)
* மகாவீர் ஜெயந்தி
* மே தினம் - மே 1
* சுதந்திர தினம் - ஆகஸ்டு 15
* மிலாது நபி
* காந்தி ஜெயந்தி - அக்டோபர் 2

தேர்தல் வந்தால் ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும், ஓட்டு எண்ணும் நாளும் கடை மூடல். இந்த நாட்களில்தான் பிளாக் வியாபாரிக்கு தீபாவளி.

ஊட்டியில் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதல் ஏன்?

நீலகிரியில் கடைக்காரர் எம்.ஆர்.பி.க்கு மேல் 10 ரூபாய் கேட்டால் சண்டைக்கு போகாதீர்கள். அது பாட்டிலுக்கான டெபாசிட். காலி பாட்டிலை திருப்பி கொடுத்தால் 10 ரூபாய் கைக்கு வந்து விடும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022 மே மாதம் முதன்முதலில் நீலகிரி மாவட்டத்தில்தான் இந்த திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக போனது.

காரணம் யானை. டூர் வந்தவர்கள் குடித்து விட்டு காட்டுக்குள் பாட்டிலை வீசி உடைக்கிறார்கள். கண்ணாடி துண்டு யானையின் காலில் ஏறினால் புண் சீழ் பிடித்து, நடக்க முடியாமல், தீனி தேட முடியாமல் அந்த ஜீவன் துடித்து சாகும். அத்தனை பெரிய யானைக்கு எமன் ஒரு குவார்ட்டர் பாட்டில்! ரூமிலேயே பாட்டிலை சேர்த்து வைத்து, கிளம்பும்போது வாங்கிய கடையிலேயே கொடுத்து விடுங்கள். 12 பேர் கொண்ட கோஷ்டிக்கு டீ, பஜ்ஜி செலவாவது மிச்சமாகும்.

பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. சோதனைச்சாவடியில் வேனை நிறுத்தி பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. வீட்டில் இருந்தே எவர்சில்வர் டம்ளரும், பெரிய தண்ணீர் கேனும் எடுத்துப்போவது புத்திசாலித்தனம்.

வேனில், காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி இ-பாஸ் முறை வந்தது. அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இந்த தொல்லை இல்லை.

ஊரில் இருந்து கொண்டு போகலாமா?

தமிழ்நாட்டில் வாங்கிய சரக்கு என்றால் ஒருவர் 4.5 லிட்டர் வரை வைத்திருக்கலாம். அதாவது 750 மில்லி புல் பாட்டில் ஆறு. பீர் என்றால் 7.8 லிட்டர், 12 பாட்டில் கணக்கு. அதற்கு மேல் இருந்தால் விற்பனைக்கு கடத்துவதாக வழக்கு பாயும். 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பதே குற்றம். கோஷ்டியில் சின்ன பையன்கள் இருந்தால் கடைக்கு அனுப்பாதீர்கள்.

நம்ம ஏரியாகாரர்களுக்கு ஒரு சபலம் உண்டு. பக்கத்திலேயே ஆந்திரா. 2024 அக்டோபரில் அங்கே புது மதுக்கொள்கை வந்து, 99 ரூபாய்க்கு குவார்ட்டர் விற்க ஆரம்பித்தார்கள். 'தடா அருவிக்கு போயிட்டு அப்படியே நாலு பாட்டில் வாங்கிட்டு வந்துடலாம், அதையே ஊட்டிக்கும் எடுத்துட்டு போயிடலாம்' என்று தோன்றும். எளாவூர் சோதனைச்சாவடி எதற்கு இருக்கிறது? மாட்டினால் சரக்கும் போகும், வண்டியும் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காயும். 100 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மாச சம்பளத்தை வக்கீலுக்கு கொடுக்க வேண்டி வரும்.

திருப்பதி போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருமலையில் மது, மாமிசம், சிகரெட் எதற்கும் அனுமதி இல்லை. அலிபிரியில் பையை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். முந்தின டூரில் மிச்சமான பாட்டில் சீட்டுக்கு அடியில் கிடந்தாலும் அவமானம்தான்.

மூணாறு போகிறவர்கள் கவனிக்க: கேரளாவில் குடிக்கும் வயது 23. அரசு மதுக்கடைகள் ஒவ்வொரு மாதமும் 1-ந் தேதி லீவு. சம்பளம் வாங்கிய கையோடு போனால் ஏமாற்றம்தான்.

ரெயிலில் குடித்து விட்டு ரகளை செய்தால் ரெயில்வே சட்டம் 145-வது பிரிவில் வழக்கு. பெர்த்தில் உட்கார்ந்து 'மிக்ஸிங்' போடும் வேலை வேண்டாம்.

குளிருக்கு இதமா? சுத்த பொய்!

'ஊட்டி குளிருக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் தாங்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். சரக்கு உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் விரியும். சூடான ரத்தம் மேலே வருவதால் உடம்பு கதகதப்பாக தெரியும். ஆனால் அந்த சூடு முழுக்க வெளிக்காற்றில் போய், உள் உடம்பு குளிர்ந்து விடும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர். போதையில் வெளியே புல்வெளியில் படுத்து தூங்கினால் காலையில் எழுந்திருப்பது சந்தேகம்தான். ஸ்வெட்டரும் கம்பளியும் எந்த குவார்ட்டரையும் விட நல்ல சூடு தரும்.

இன்னொரு ஆபத்து ரூமுக்குள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு டூர் போன வாலிபர்கள் சிக்கன் சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்து விட்டு தூங்கினார்கள். அடைத்த அறையில் புகை நிறைந்து 2 பேர் பிணமானார்கள். கரி நெருப்பில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. போதையில் இருப்பவனுக்கு மூச்சு முட்டுவதும் தெரியாது. அடுப்பை எப்போதும் வெளியே வையுங்கள், தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

டிரைவருக்கு ஒரு சொட்டு கூட வேண்டாம்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஏலகிரிக்கு 14. 2023 செப்டம்பர் 30-ந் தேதி குன்னூர் மரப்பாலம் அருகே தென்காசி பக்கத்து சுற்றுலா பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் பலியானார்கள். மலைப்பாதை ஒரு நொடி தப்பைக்கூட மன்னிக்காது. அதில் போதையும் சேர்ந்தால்?

நண்பனை உபசரிப்பதாக நினைத்து, "டிரைவர் அண்ணே, நீங்களும் ஒரு ரவுண்டு" என்று ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை முதலில் விடுங்கள். முந்தின நாள் ராத்திரி நிறைய குடித்தவருக்கு காலையிலும் போதை முழுசாக இறங்கி இருக்காது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால் தாண்டினாலே வழக்கு. முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் ஜெயில், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். மறுபடி மாட்டினால் 15 ஆயிரம் ரூபாய், 2 வருடம் வரை ஜெயில். விபத்து நடந்தால் இன்சூரன்சும் கை விரித்து விடும்.

வியூ பாயிண்டில், ஏரிக்கரையில், பஸ் நிறுத்தத்தில் பாட்டிலை திறந்தாலும் போலீசார் பிடிப்பார்கள். காட்டுக்குள் போய் குடித்தால் வனத்துறை வழக்கு தனி.

ஒரு பழைய கதையோடு முடிக்கலாம். நாட்டிலேயே முன்மாதிரியாக 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மதுவிலக்கு கொண்டு வந்தது ஏற்காடு இருக்கும் சேலம் மாவட்டத்தில்தான். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் மறுபடி வந்தது, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்ப கடை திறந்தது. சட்டம் இப்படி மாறி மாறி வரும். ஆனால் டூர் போன அப்பா முழுசாக திரும்பி வர வேண்டும் என்று வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளின் எதிர்பார்ப்பு எந்த ஆட்சியிலும் மாறுவதில்லை.

வீட்டுக்கு வர்க்கியும் ஊட்டி டீத்தூளும் வாங்கிக்கொண்டு வாருங்கள். குடி குடியைக் கெடுக்கும்!