தீவிரக் கணைய அழற்சியை அறிவதில் மருத்துவப் படிமவியல்: சென்னை முதல் கோட்டைப்பட்டினம் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தீவிரக் கணைய அழற்சியை உறுதிசெய்ய ஸ்கேன் படமே முதல் தேவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இந்நோயறிதலின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு மாறான முடிவைத் தருகிறது. படிமக் கருவிகள் வளர வளர, அவற்றை எப்போது பயன்படுத்துவது என்னும் வினாவே முதன்மை பெற்றது. இம்முடிவு கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: கணைய அழற்சி, ஊடுகதிர், மீயொலி, சி.டி. ஸ்கேன், கோட்டைப்பட்டினம்.

முன்னுரை

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி அமைந்த உறுப்பு. அதைக் கையால் தொட்டு அறிவது அரிது. பித்தக்கற்களும் மதுவும் இதன் தீவிர அழற்சிக்கு முதன்மைக் காரணங்கள். 1889இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்நோயை முறைப்படுத்தி விளக்கினார். எனினும் அக்காலத்தில் அறுவை மேசையிலோ பிணக்கூறாய்விலோதான் இந்நோய் பெரும்பாலும் உறுதிசெய்யப்பட்டது. 1929இல் எல்மனும் அவருடன் பணியாற்றியோரும் குருதியில் அமைலேஸ் அளவைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். உறுப்பைக் காணாமலே நோயை அறியும் வழி இவ்வாறு பிறந்தது.

ஊடுகதிர்க் காலம்

1895இல் ரான்ட்ஜன் கண்டறிந்த ஊடுகதிர், எலும்பைக் காட்டிய அளவிற்கு மென்மையான உறுப்புகளைக் காட்டவில்லை. தமிழகத்தில் இத்துறைக்கு நிலையான இடம் தந்தது, 1934இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம். தீவிரக் கணைய அழற்சியில் ஊடுகதிர்ப் படம் மறைமுகக் குறிகளையே தந்தது. கணையத்தை அடுத்த குடல் வளையம் காற்றால் விரிந்து தோன்றுவது அவற்றுள் ஒன்று. ஆயினும் குடலில் துளை ஏற்பட்டிருப்பின் உதரவிதானத்தின் கீழ்த் தென்படும் காற்றைக் காட்டி, இதையொத்த வேறொரு நோயைப் பிரித்தறிய அது உதவியது.

தென்னிந்தியச் சூழலில் ஊடுகதிருக்கு மற்றொரு பயனும் இருந்தது. 1959இல் சூய்டெமா இந்தோனேசியாவில் விவரித்த, கணையத்தில் கற்கள் படியும் நாள்பட்ட நோயைக் கேரளத்தில் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். சென்னை மருத்துவர்களும் பின்னர் இதனை ஆராய்ந்தனர். இந்நோயாளிகளுக்கும் திடீரெனக் கடும் வயிற்றுவலி வருவதுண்டு. எளிய ஊடுகதிர்ப் படத்திலேயே கற்கள் தெரிவதால், வலியின் பின்னணி நாள்பட்ட நோய் என்பதை அறிய முடிந்தது.

மீயொலியும் சி.டி. ஸ்கேனும்

மீயொலிக் கருவி பித்தப்பைக் கற்களைத் தெளிவாகக் காட்டியது. கணையமோ குடல் காற்றால் பலமுறை மறைந்துபோயிற்று. ஆகவே நோயின் காரணத்தைத் தேடுவதில் அதன் பங்கு பெரிது. கணையத்தின் நிலையைக் காட்டுவதில் சிறிது.

1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் உடல் முழுவதற்குமான கருவிகள் வந்தன. 1985இல் பால்தசார் குழுவினர், கணையத்தின் வீக்கத்தையும் சுற்றிலும் தேங்கும் நீரையும் கொண்டு நோயை ஐந்து படிநிலைகளாக வகுத்தனர். 1990இல் திசு அழிவின் அளவையும் சேர்த்துப் 10 புள்ளிகள் கொண்ட கடுமைக் குறியீட்டை அமைத்தனர். கணையம் நேரடியாகக் காணத்தக்கதாயிற்று.

இவ்வளர்ச்சிக்குப் பின் வந்த முடிவே கவனத்திற்குரியது. 1992இன் அட்லாண்டா வகைப்பாடு 2012இல் திருத்தப்பட்டபோது, நோயறிதலுக்கு மூன்று அளவுகோல்கள் வரையறுக்கப்பட்டன: இயல்பான வலி, இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கிற்கேனும் உயர்ந்த அமைலேஸ் அல்லது லைப்பேஸ், படிமச் சான்று. இவற்றுள் இரண்டு இருந்தால் போதும். முதலிரண்டும் பொருந்தினால் நோயை உறுதிசெய்யப் பொதுவாகச் சி.டி. தேவையில்லை. திசு அழிவு முதல் நாட்களில் முழுமையாகப் புலப்படாது. எனவே கடுமையை மதிப்பிட, வலி தொடங்கி 72 முதல் 96 மணி நேரத்திற்குப் பின் எடுக்கும் படமே நம்பத்தக்கது. நோய் எதுவென ஐயம் இருந்தாலோ நோயாளியின் நிலை மோசமானாலோ முன்னரே எடுக்கலாம்.

கோட்டைப்பட்டினம்: தொலைவும் நேரமும்

மீன்பிடித் தொழிலை நம்பிய இவ்வூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும் வரை அறந்தாங்கி வட்டாரம் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தஞ்சையில் 1959இலேயே மருத்துவக் கல்லூரி தோன்றியது. புதுக்கோட்டைக்கு 2017இல்தான் வாய்த்தது. இடையில், 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தலாயிற்று. 2008இல் 108 அவசர ஊர்தி வந்தது. கருவி இவ்வாறு ஊரை நோக்கி நெருங்கியது. எனினும் சி.டி. எடுக்க ஊரை விட்டுப் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

அட்லாண்டா முடிவை இங்குப் பொருத்தினால் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, வலியும் நொதிச் சோதனையும் நோயை உறுதிசெய்துவிட்டால், ஸ்கேனுக்காக நீர்மச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, முதல் நாளில் எடுக்கும் சி.டி., செலவை ஏற்படுத்தியும் பின்னர் மீண்டும் எடுக்கும் தேவையை நீக்காது போகலாம். மூன்றாவது, 72 மணி நேரம் வலி தொடங்கியதிலிருந்தே கணக்கிடப்படும். படகில் வலி கண்ட மீனவருக்கு அக்கணக்கு கடலிலேயே தொடங்கிவிடுகிறது. ஆதலின் முதலில் பார்க்கும் மருத்துவர் அந்நேரத்தைக் கேட்டுக் குறித்தனுப்புவது, பின்னர் எடுக்கப்படும் படத்தைச் சரியாகப் பொருள்கொள்ள இன்றியமையாதது.

முடிவுரை

காணவியலாத உறுப்பைக் காணும் முயற்சியாகத் தொடங்கிய இவ்வரலாறு, அதைக் காண முடிந்த பின்னும் வலியையும் குருதிச் சோதனையையும் கைவிடவில்லை. மீயொலி காரணத்தையும், உரிய நேரத்துச் சி.டி. கடுமையையும் காட்டுகின்றன. தொலைவிலுள்ள ஊர்களின் மருத்துவ வசதியை ஸ்கேன் கருவிகளின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. நொதிச் சோதனை, வலி தொடங்கிய நேரப் பதிவு, உரிய காலத்தில் இடமாற்றம் ஆகியவையும் அவ்வளவீட்டில் இடம்பெற வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவாகும்.