நாணயம் இருந்தால்தான் நகரம்

கார்வேட்டிநகரத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவன் ஷாங்காயைப் பற்றி எழுத வந்தது எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. எங்கள் ஊர் ஒரு காலத்தில் ஜமீனின் தலைநகரம். ஜமீன் ஒழிந்தபின் பணம் புரளும் இடம் சித்தூர், புத்தூர், திருப்பதி என்று மாறிப் போயிற்று. பணம் ஓர் ஊரில் ஏன் வந்து தங்குகிறது, ஏன் கிளம்பிப் போகிறது என்பது எனக்குப் பழைய கேள்வி.

ஷாங்காய்க்கும் இந்தக் கதை தெரியும். 1930களில் ஆசியாவின் முதன்மையான நிதி நகரம் அதுதான். 1949 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அந்த வாழ்வு போயிற்று. 1990 டிசம்பரில்தான் பங்குச் சந்தை மறுபடி திறந்தது. 2020க்குள் அதை உலக நிதி மையமாக்குவோம் என்று 2009ல் சீன அரசு திட்டமிட்டது. உலக நிதி நகரங்களின் தரவரிசை ஒன்றில் 2020ல் மூன்றாம் இடம் வரை ஏறியது. பின்னர் சில படிகள் இறங்கியது.

கட்டடமும் துறைமுகமும் குறைவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. போட்ட பணத்தை நினைத்த நேரத்தில், நினைத்த அளவில் வெளியே எடுத்துப் போக அங்கே முடியாது. 2020 நவம்பரில் ஆன்ட் குழுமம் ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் சுமார் 3,400 கோடி டாலர் திரட்டவிருந்தது. பட்டியலிட இரண்டே நாள் இருக்கையில் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. விதி எப்போது மாறுமென்று தெரியாத சந்தையில் வெளியூர்க்காரன் முழு முதலையும் போட மாட்டான்.

நம் சென்னையைப் பார்ப்போம். 1843ல் மெட்ராஸ் வங்கி தொடங்கியது. நகரத்தார் உண்டியல் ரங்கூன், பினாங்கு, கொழும்பு வரை செல்லுபடியாயிற்று. செட்டியார் கையெழுத்து இருந்தால் போதும், கடல் தாண்டி ரொக்கம் கிடைக்கும். அந்த நகரத்தில்தான் 1906 அக்டோபர் 22ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. வெள்ளைக்காரன் கம்பெனி என்று நம்பிப் போட்ட எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் துணையோடு, 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. 1937ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கினார்.

ஆனால் சென்னை பம்பாய் ஆகவில்லை. மெட்ராஸ் வங்கி 1921ல் இம்பீரியல் வங்கியில் சேர்ந்தது. ரிசர்வ் வங்கியின் தலைமையகம் 1937ல் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் போனது. 1942ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்ததும் நகரத்தார் தொழில் அங்கே நிலைகுலைந்தது. 1937ல் பிறந்த மெட்ராஸ் பங்குச் சந்தையும் 2015ல் விலகிக்கொண்டது. முதல் இருந்தது, திறமை இருந்தது. தீர்மானம் எடுக்கிற இடம் வேறு ஊரில் இருந்தது.

என் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1990களில் வட்டி கூட என்று ஆசைப்பட்டு, சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தைப் போட்டேன். ஒரு நாள் போய் நின்றால் பூட்டு தொங்குகிறது. சமணனாகப் பிறந்து அபரிகிரகம் படித்தவன், ஆசையால் கெட்டேன். அப்படி ஏமாந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால்தான் 1997ல் தமிழ்நாட்டில் வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பணம் முழுசாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு யாரிடம் கொடுக்கிறோம் என்று நூறு தரம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்: நாணயம். நம் முன்னோர் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் போலும். ஷாங்காய் உலக நிதி நகரம் ஆகுமா என்றால், சீனத்துக்குள் அது ஏற்கெனவே பெரிய நகரம். உலகம் நம்ப வேண்டுமானால் உள்ளே வந்த பணத்துக்கு வெளியே போகும் வழியும், வாக்கு மாறாத சட்டமும் வேண்டும். சென்னைக்கும் இதே கணக்குத்தான். வெளி மாநிலங்களில் உழைத்துச் சேர்க்கும் நம் பிள்ளைகள், எந்த ஊரில் போட்டாலும், வட்டியைப் பார்க்குமுன் நாணயத்தைப் பார்க்கட்டும்.