கையறிந்த காயம்: விளையாட்டு மருத்துவத்தின் வரலாறு

'காயம்' என்னும் சொல் தமிழில் உடம்பையும் குறிக்கும். உடம்பில் நேர்ந்த ஊற்றையும் குறிக்கும். வேறு வேறு வழியில் வந்து ஒலியால் ஒன்றுபட்ட சொற்கள் இவை. ஆயினும் இவ்விரண்டும் அருகருகே நிற்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. உடம்பாகிய காயத்தை அறியாதவன், ஊறாகிய காயத்தை ஆற்ற இயலாது. ஆடுகளத்தில் வீழ்ந்த வீரனுக்கு எம்மருந்து இடுவது என்பது இரண்டாம் வினா. அவனுக்கு நேர்ந்தது யாது என்பதே முதல் வினா. இம்முதல் வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறது. அம்முயற்சியின் வரலாறு, மாணவரோடு திடலில் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

கிரேக்கரின் மற்களம்

பண்டைக் கிரேக்க நாட்டில் உடற்பயிற்சிக் கூடமும் மற்களமும் இளைஞர் கல்வியின் இன்றியமையாத உறுப்புகளாய் விளங்கின. மற்போரும் குத்துச்சண்டையும் ஓட்டமும் இடையறாது நிகழ்ந்த அவ்விடங்களில் சுளுக்கும் மூட்டு விலகலும் புதியன அல்ல. அங்கே முதற்கண் உதவிக்கு வந்தவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், பயிற்சி ஆசானே.

அத்தகைய ஆசான்களுள் ஒருவர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடிக்கஸ். தாம் நோயுற்றபின் உடற்பயிற்சியையும் மருத்துவத்தையும் ஒன்றாக்கிய இவரைத் தத்துவ அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' என்னும் நூலில் எள்ளி நகையாடுகிறார். மருத்துவ மேதை ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியோ இன்னும் கடுமையான குற்றம் ஒன்றைச் சாட்டுகிறது. காய்ச்சல் கண்டவர்களையும் ஓட்டத்தாலும் மற்போராலும் வருத்தி, அவர்களைச் சாகச் செய்தார் என்பதே அது. பயிற்சி நல்லதே. ஆனால் நோய் யாதென நோக்காமல் எல்லார்க்கும் ஒரே முறையைக் கையாண்டால் நல்லதும் நஞ்சாகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அதே நூற்றொகுதியில் 'மூட்டுகள் பற்றி' என்னும் நூல் ஒன்று உண்டு. தோள்மூட்டு விலகலைப் பற்றிய அதன் பகுதி இன்று படிப்பவரையும் வியக்க வைக்கும். மூட்டு விலகினால் தோளின் மேல் எலும்பு துருத்தி, அதன் கீழே பள்ளம் தோன்றும். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அக்குளில் விரலால் உணரலாம். முழங்கை விலாவை ஒட்டாமல் விலகி நிற்கும். இவ்வடையாளங்களையெல்லாம் வரிசைப்படுத்திய ஆசிரியர், பொன்போற் போற்றத்தக்க ஒரு விதியையும் வகுக்கிறார். ஊறுபட்ட தோளைப் பிறர் தோளோடு ஒப்பிடலாகாது. சிலருக்கு இயல்பாகவே மூட்டுகள் துருத்தியிருக்கும். எனவே அவ்வொருவரின் நலமுள்ள தோளோடே ஊறுபட்ட தோளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதே அவ்விதி. இன்றைய மருத்துவக் கல்லூரிகளிலும் மாணாக்கர் முதலிற் கற்பது இதுவேயாகும்.

அடிக்கடி தோள் விலகுவதால், தகுதி மிக்க இளைஞர் பலர் பயிற்சிக் களத்தைவிட்டே நீங்க நேர்ந்தது என்றும், அக்குறையால் போரில் திறன் குன்றி மடிந்தவர்களும் உண்டு என்றும் அந்நூல் வருந்துகிறது. அதனால்தான் அவர்களுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடும் கொடிய முறையையும் அது கூறுகிறது. தளர்ந்த இடம் தழும்பேறிச் சுருங்கினால் எலும்பு நழுவாது என்பது கருத்து. முறை மறைந்தொழிந்தது, ஆயினும் தளர்ந்த பகுதியை இறுக்கவேண்டும் என்னும் கருத்து மறையவில்லை. 1923-இல் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் பாங்கார்ட், தோள் குழியின் விளிம்பிலிருந்து பிய்ந்துபோன பகுதியைத் தைத்துப் பொருத்தும் முறையை வெளியிட்டார். இன்றைய தோள் அறுவைகள் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

கேலனுக்கு நேர்ந்தது

ஆசிய மாநிலத்துப் பெர்காமம் என்னும் நகரிற் பிறந்த கேலன், கி.பி. 157-ஆம் ஆண்டளவில் அந்நகரின் அரங்கப் போர்வீரர்களுக்கு மருத்துவராக அமர்த்தப்பட்டார். வாளும் ஈட்டியும் ஏந்திப் பொருத அவ்வீரர்களின் புண்களை ஆற்றியதில் அவர் பெற்ற அறிவு பெரிது. தமக்கு முன்னிருந்த மருத்துவரிடம் பலர் மாண்டனர் என்றும், தம்மிடம் அவ்வாறு நேரவில்லை என்றும் அவர் பெருமிதத்தோடு எழுதியுள்ளார்.

ஆனால் அவர் வாழ்வில் மிகுந்த பாடம் தரும் நிகழ்ச்சி, ரோமாபுரியில் அவருக்கே நேர்ந்ததாகும். 35 அகவையில் மற்களத்தில் பயின்றுகொண்டிருந்தபோது அவர் தோளில் ஊறுபட்டது. கண்டவுடன், மேற்கை எலும்பு விலகிவிட்டது என்று முடிவு செய்த பயிற்சி ஆசான், அதனைப் பொருத்தும் பொருட்டுக் கையை இழுக்கலானார். கேலனோ அக்குளில் தம் விரலை வைத்துப் பார்த்தார். விலகிய எலும்பின் தலை அங்கே இல்லை. உண்மையில் விலகியது காறை எலும்பின் முனையே. மூட்டு விலகாத கையை இழுப்பதால் நன்மையில்லை, தீங்கே பெருகும். இழுப்பை நிறுத்தச் செய்து, தோளை இறுகக் கட்டிப் பல நாள் பொறுத்திருந்து அவர் நலம் பெற்றார்.

இதில் வியப்பு யாதெனில், இதே தவற்றைக் குறித்து 'மூட்டுகள் பற்றி' என்னும் நூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது என்பதாம். மற்ற வகையில் திறமை மிக்க மருத்துவர்கள்கூட இவ்விரண்டு ஊறுகளையும் மயங்கி, இழுத்துப் பொருத்த முயன்று துன்பம் விளைத்தனர் என்கிறது அது. கேலன் தம் கதையைக் கூறுவதும் அந்நூலுக்குத் தாம் எழுதிய உரையிலேதான். ஆசானுக்கு நல்லெண்ணம் இல்லாமலில்லை, கைவன்மையும் இல்லாமலில்லை. அறிதல் ஒன்றே இல்லை.

கதிர் வந்தது, கை மறந்தது

கேலனின் நூல்கள் அரபு மொழியிலும் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டு ஓராயிரம் ஆண்டுக்கு மேல் பாடமாக விளங்கின. எனினும் உயிருள்ள மனிதனின் எலும்பைக் கண்ணாற் காணும் வழி, 1895-இல் ஜெர்மானிய அறிவியலார் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த பின்னரே கிட்டியது. முறிவும் விலகலும் ஐயத்திற்கிடமின்றிப் புலப்படலாயின. இதனால் மருத்துவ உலகம் அடைந்த நன்மைக்கு அளவில்லை.

ஆயினும் படம் எடுப்பது எளிதானபோது தொட்டு ஆராய்வது தளர்ந்தது. கணுக்கால் பிசகி மருத்துவமனைக்கு வருவோர் அனைவரையுமே படம் எடுக்க அனுப்பும் வழக்கம் நாளடைவில் பரவியது. அவர்களுள் உண்மையில் எலும்பு முறிந்தவர் நூற்றுக்குப் பதினைவர்கூட இலர். இந்நிலையைக் கண்ட கானடா நாட்டு மருத்துவர் ஐயன் ஸ்டீலும் அவர் குழுவினரும் 1992-இல் 'ஒட்டாவா விதிகள்' எனப்படும் எளிய முறையை வெளியிட்டனர்.

அம்முறை வருமாறு: கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம்வரை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். அவ்விடத்து எலும்பில் வலி உண்டா? அடிபட்டவுடனும் பின்னர் மருத்துவமனையிலும் நான்கு அடியேனும் ஊன்றி நடக்க இயலாமற் போயிற்றா? இவற்றுள் ஒன்று இருப்பினும் படம் வேண்டும். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோன்ற விதிகள் உண்டு. எதுவும் இல்லையெனில் முறிவு இருப்பது மிக மிக அரிது. பல நாடுகளில் ஆராயப்பட்ட இவ்விதிகள், முறிவுகளைத் தப்பவிடாமல் காட்டுவதில் சிறந்தவை எனத் தேறின. கதிருக்கு முந்திய விரல், கதிருக்குப் பின்னும் தன் இடத்தைப் பெற்றது.

முழங்காலின் கதையும் இத்தகையதே. ஓடும் வீரன் திடீரெனத் திரும்பும்போது முழங்காலினுள் குறுக்காக அமைந்த முன்நார் அறுந்துபோவதுண்டு. எலும்பு முறியாமையால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அந்த நார் அறுந்தது தெரியாது. முழங்காலைச் சற்றே மடக்கி, தொடையை ஒரு கையாற் பிடித்துக் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்து அறியும் முறையை, 1875-இல் பாரிஸ் நகரில் நூலிஸ் என்னும் கிரேக்கர் தம் ஆய்வேட்டில் கூறியிருந்தார். உலகம் அதனை மறந்தது. 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டார்க், தம் ஆசிரியர் ஜான் லாக்மன் கற்பித்த முறை என்று அதனை வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது லாக்மன் சோதனை என்றே வழங்குகிறது. மாணாக்கர் ஒருவர் ஆசிரியர்க்குச் செய்த சிறப்பு என்று இதனைக் கொள்ளலாம்.

குளிரும் ஓய்வும்

அறிதலுக்கு அடுத்தது ஆற்றுதல். மூட்டு வீக்கத்திற்கும் சுளுக்கிற்கும் குளிர்ந்த நீரை மிகுதியாக ஊற்றினால் வலி தணியும் என்பது ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூற்பாக்களுள் ஒன்று. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரு சொல்லிற் சுருக்கினார். இந்நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்', அதாவது அரிசி, என்னும் சொல் அமையும். நினைவில் நிற்பதற்கு எளிதாகையால் அது பள்ளிகள்தோறும் பரவியது.

ஆனால் அவரே பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பனிக்கட்டி வலியைத் தணிக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் வீக்கம் என்பது உடம்பு தன்னைத் தானே செப்பனிடும் வேலையின் ஒரு பகுதி. குளிர் அவ்வேலையைத் தாமதப்படுத்தக்கூடும் என்றும், நெடிய ஓய்வு தசையை நலியச் செய்யும் என்றும் அவர் எழுதினார். இன்று அறிஞர் பலர் கூறுவது இதுதான்: முதலில் ஓரிரு நாள் ஊறுபட்ட உறுப்பைக் காக்கவேண்டும், வலி பொறுக்குமளவிற்குப் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிச் சிறிது நேரம் வைக்கலாம், அதன்பின் வலி மிகாத அளவில் மெல்ல அசைத்துப் பழக்கவேண்டும். தம் சொல்லைத் தாமே திருத்திக்கொண்ட மிர்க்கின் மருத்துவர்க்குரிய நேர்மையைக் காட்டினார்.

கண்ணுக்குத் தெரியாத ஊறு

தோளும் காலும் தொட்டறியத் தக்கவை. தொட்டும் பார்த்தும் அறிய இயலாத ஊறு ஒன்று உண்டு. அதுவே மூளை அதிர்ச்சி. 1928-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து மருத்துவ ஆய்வாளர் ஹாரிசன் மார்ட்லண்ட், பல்லாண்டு குத்துச்சண்டையிட்டோர் சிலர் குடியரைப் போலத் தள்ளாடுவதையும் அறிவு மங்குவதையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். சண்டை காண வருவோர் அதற்குமுன்பே அவர்களுக்குப் 'குத்துவெறியர்' என்னும் பொருள்பட ஒரு பட்டப்பெயரும் இட்டிருந்தனர். பார்ப்போர் சிரித்து மகிழ்ந்ததை மருத்துவர் நோயென அறிந்தார். அதே 1928-ஆம் ஆண்டில்தான் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மாரிட்ஸ் நகரில் பன்னாட்டு விளையாட்டு மருத்துவச் சங்கமும் தோன்றியது.

எனினும் தலையில் அடிபட்டவனை அன்றே மீண்டும் ஆடவிடும் வழக்கம் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 13 அகவைப் பள்ளி மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையடிபட்டான். சிறிது நேரம் வெளியே அமர்ந்தபின் மீண்டும் களமிறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு வீழ்ந்தான். உயிர் பிழைத்தும் நெடுங்கால முடக்கத்திற்கு ஆளானான். 2009-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி உண்டென ஐயுறப்படும் இளைஞனை உடனே வெளியேற்றவேண்டும். தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்தில் இசைவு தரும்வரை அவன் ஆடலாகாது என்பது அச்சட்டம். ஒப்பான சட்டங்களைப் பிற மாநிலங்களும் பின்னர் இயற்றின. 2001-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு அறிஞர் மாநாடும் படிப்படியாகவே ஆட்டத்திற்குத் திரும்பவேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தது.

இவ்வூற்றை அறிவது எங்ஙனம்? நினைவிழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறு, பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம், வெறித்த பார்வை, ஆட்டத்தின் எண்ணிக்கையோ எதிரணியின் பெயரோ கூற இயலாமை ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் ஐயுறவேண்டும். தலைவலி மேன்மேலும் பெருகுதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கைகால் சோர்வு, எழுப்ப இயலாத உறக்கம், கழுத்து வலி என்பன தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவமனையை நாடவேண்டும். கழுத்தில் ஊறு உண்டெனத் தோன்றினால், தேர்ந்தோர் வரும்வரை வீழ்ந்தவனை அசைக்கலாகாது.

ஹெரோடிக்கஸ் முதல் இந்நாள் வரை இவ்வரலாறு திரும்பத் திரும்பக் கூறுவது ஒன்றே. களத்தில் நிற்பவர் மருத்துவராயிருக்கவேண்டும் என்பதில்லை. விலகிய மூட்டை இழுத்துப் பொருத்துவது அவர் வேலையன்று. மருத்துவர்க்குரிய பணி அது. நலமான பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், மாணவன் கூறுவதைக் கேட்பதும், ஐயம் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவதும் அவர் வேலை. வெற்றிக் கோப்பையை அடுத்த ஆண்டும் வெல்லலாம். அறியாமையால் இழந்த தோளையும் காலையும், அனைத்திலும் அரிய மூளையையும் எந்த ஆண்டும் மீட்க இயலாது.